தூக்கின ஜிம்னியை இறக்கணுமா? அக்காவின் டிப்ஸ்

தம்பி, பெங்களூரில் நீ செகண்ட் ஹேண்டில் பிடித்து வந்த ஜிம்னியில் அம்மா ஏறுவதற்கு பிளாஸ்டிக் ஸ்டூல் போட வேண்டியிருக்கிறது. முந்தைய ஓனர் நாலு ஸ்பிரிங்குக்கும் ஸ்பேசர் போட்டு வண்டியைத் தூக்கி வைத்திருக்கிறார். அதை நாமே கழற்றிவிடலாமா என்று கேட்டாய். கழற்றலாம். பேத்தமங்களாவில் வீட்டு வாசலிலேயே கழற்றலாம், கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை. ஆளைக் காயப்படுத்தக்கூடிய விஷயம் இதில் இரண்டுதான்: தூக்கி நிறுத்திய வண்டி, அமுங்கி நிற்கும் ஸ்பிரிங். மிச்சமெல்லாம் துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டுகிற வேலை. அந்த இரண்டைப் பற்றித்தான் இங்கே அதிகமாகச் சொல்லப் போகிறேன். பத்திரிகையில் எழுதுகிற சாக்கில் ஊர்த் தம்பிகளும் படிக்கட்டும்.

முதலில், கழற்றினால் சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கம் போகும்போது அடி தட்டுமே என்கிற உன் கவலை. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்ஸில். ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பது அந்த ஆக்ஸில் மேல். ஸ்பேசர் போட்டால் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கிற சேஸிஸும் பாடியும்தான் உயரும். ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். வண்டியின் அடியில் கல்லில் முதலில் மோதுவது ஆக்ஸிலில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல். கம்பெனி சொல்லும் 210 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸை ஸ்பேசர் ஒரு நூல்கூடக் கூட்டாது. அதைக் கூட்ட ஒரே வழி பெரிய டயர். முன் பம்பரும் பின் பம்பரும் மேட்டில் உரசாமல் இருப்பதும், வண்டியின் நடு வயிறு திட்டில் மாட்டாமல் இருப்பதும்தான் ஸ்பேசர் தரும் லாபம்.

நஷ்டம் ஒன்று இருக்கிறது, அதை ஸ்பேசர் விற்கிறவர்கள் சொல்வதில்லை. பழைய ஷாக் அப்சார்பரையே வைத்துக்கொண்டு ஸ்பேசர் போட்டால், ஷாக் ஏற்கெனவே பாதி நீண்டுதான் நிற்கும். பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க மிச்சம் இருக்கும் தூரம் குறைந்துவிடும். தரையைத் தொட வேண்டிய சக்கரம் அந்தரத்தில் சுற்றும். மேடு பள்ளத்துக்காகச் செய்த மாற்றமே மேடு பள்ளத்தில் காலை வாரும்.

ரோட்டில் இன்னும் மோசம். ஹொசகோட்டேயிலிருந்து நம்ம ஊர் வரைக்கும் எக்ஸ்பிரஸ்வே திறந்த பிறகு நீ அதில்தான் போய் வருகிறாய். நூறைத் தாண்டினால் ஸ்டியரிங் மிதக்கிற மாதிரி இருக்கிறது, லாரி பக்கத்தில் போனால் வண்டி ஒதுங்குகிறது என்றாய். அதுவும் ஸ்பேசர் வேலையே. முன் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் இரண்டு நீள ஆர்ம்கள், வண்டி உயர்ந்தால் சரிந்து நிற்கும். ஆக்ஸில் லேசாக முன்பக்கம் உருண்டுவிடும். மெக்கானிக் பாஷையில் கேஸ்டர் குறைந்துபோச்சு. கேஸ்டர் இருந்தால்தான் வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்பும், வேகத்தில் வண்டி கோடு மாறாமல் ஓடும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அளவிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் மாற்றிய ஓனருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆக்சிடெண்ட் ஆனால் இன்சூரன்ஸ்காரர் முதலில் குனிந்து பார்ப்பதும் வண்டியின் அடியைத்தான். பழைய ஓனர் செய்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆர்சி இப்போது உன் பேரில்.

சரி, வேலைக்கு வருவோம்.

ஸ்பேனர் எடுக்கும் முன் டார்ச் எடு

வண்டியைத் தூக்காமல், தரையில் நிற்கும்போதே டார்ச் அடித்து என்ன ஸ்பேசர் என்று பார். ஸ்பிரிங்கின் மேல் நுனிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வளையமாக, கறுப்பாகவோ சிவப்பாகவோ பாலியூரித்தேன் கட்டி இருந்தால் அதுதான் நாம் பேசுகிற ஸ்பேசர். ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுக்கு நடுவில் ரப்பர் வளையம் செருகியிருந்தால் அது பஃபர். அதைக் கழற்ற எதையும் பிரிக்க வேண்டாம். வண்டியைத் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, சுற்றுகள் விரிந்ததும் சோப்புத் தண்ணீர் தடவி உருவலாம்.

ஸ்பேசர் தனியாக வருவது அபூர்வம். கூடவே என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று தேடு. நீளமான ஷாக் அப்சார்பர் போட்டிருக்கிறார்களா? ஆக்ஸிலுக்கு மேலே இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரின் கீழே கட்டை வைத்து நீட்டியிருக்கிறார்களா? சில வண்டியில் அந்த ரப்பர் ஸ்பிரிங்குக்குள்ளேயே இருக்கும், டார்ச் அடித்தால்தான் தெரியும். முன் ஆர்ம்களில் கேஸ்டர் புஷ் மாற்றியிருக்கிறதா? ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் லேட்டரல் ராடு, நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி நட்டோடு இருக்கிறதா? பிரேக் ஹோஸைக் கீழே இறக்க இடையில் பட்டி கொடுத்திருக்கிறதா?

இவ்வளவு நோண்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்பேசரை மட்டும் எடுத்துவிட்டு நீளமான ஷாக்கை விட்டுவைத்தால், பள்ளத்தில் வண்டி அமுங்கும்போது ஸ்பிரிங்குக்கு முன்னால் ஷாக் தன் கடைசி அளவுக்கு அமுங்கிவிடும். அப்போது வண்டியின் மொத்த அடியும் ஷாக்கின் உள்ளே விழும். ஒரு மாதம் தாங்கும், பிறகு எண்ணெய் கக்கும். நீளமான ஷாக்கை வைத்திருப்பதென்றால் பம்ப் ஸ்டாப் கட்டையையும் வைத்தே ஆக வேண்டும். பழைய ஷாக் என்றால் அந்தக் கட்டையையும் எடுத்துவிடு. கேஸ்டர் புஷ்ஷை விட்டுவிட்டால் ஸ்டியரிங் தேவைக்கு மேல் கனமாகும். டயரும் பெரியதாகப் போட்டிருந்தால் இறக்கிய பிறகு மட்கார்டில் உரசும். அதற்கும் சேர்த்துக் காசு எடுத்து வை.

இந்தச் சமயத்தில் நாலு சக்கரத்துக்கும் ஒரு அளவு எடுத்துக்கொள். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து, செல்லோ டேப்பில் எழுதி மட்கார்டிலேயே ஒட்டிவிடு. வேலை முடிந்ததும் எவ்வளவு இறங்கியது, இடமும் வலமும் சமமாக இறங்கியதா என்று தெரிய இதுதான் சாட்சி. ஜிம்னியில் 40 மில்லிமீட்டர் ஸ்பேசரை எடுத்தால் வண்டி ஏறக்குறைய அதே 40 இறங்கும்.

போல்ட் எல்லாவற்றையும் முதல் நாளே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவிடு. சயனைடு மேட்டில் ஓடிய வண்டி என்றால் அங்கேயிருக்கும் மாவு மாதிரியான மண் ஸ்பிரிங் சீட்டிலும் போல்ட் மரையிலும் அப்பியிருக்கும். ஏர் அடித்து ஊதாதே. அது நூறு வருஷத்துக்கு மேல் தங்கம் பிரித்துக் கொட்டிய கழிவு மண், மூச்சில் போக வேண்டாம். மாஸ்க் போட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்றிக் கழுவு.

நிற்க வைப்பது

நம் வாசல் செம்மண். மழை பெய்தால் ஸ்டாண்டு கால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கிவிடும். சிமெண்ட் தரை இருக்கிற இடமாகப் பார். கிடைக்காவிட்டால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பலகை அல்லது இரும்புத் தகடு போடு. செங்கல், ஹாலோ பிளாக் எதையும் சுமை தாங்க வைக்காதே. அது விரிசல் விட்டு எச்சரிக்கை கொடுக்காது, ஒரேயடியாக நொறுங்கும்.

டூல் பையில் வரும் ஜாக்கி பஞ்சருக்கு மட்டும். இந்த வேலைக்கு ஒரு ட்ராலி ஜாக்கி வேண்டும், ஜோடிக்கு மூன்று டன் தாங்கும் ஸ்டாண்டு இரண்டு வேண்டும். நம் வண்டி சுமார் 1,200 கிலோதான், இது தாராளம். எண்ணெய் ஜாக்கி தூக்கத்தான், தாங்க இல்லை. அதன் உள்ளே இருப்பது ஒரு சின்ன ரப்பர் சீல். அது தேய்ந்திருந்தால் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே அரை இஞ்ச் அரை இஞ்சாக இறங்கும். தூக்கின உடனே சேஸிஸ் ரெயிலுக்குக் கீழே ஸ்டாண்டு வைத்து, பாரத்தை அதில் இறக்கு. பிறகு பாடியைக் கையால் பலமாக ஆட்டிப் பார். இப்போது ஆடி விழுவதென்றால் விழட்டும், நீ வெளியே நிற்கிறாய்.

பின்பக்கம் தூக்கும்போது ஹேண்ட்பிரேக்கை நம்பாதே. அது பிடிப்பது பின் சக்கரத்தை, அந்தச் சக்கரம்தான் அந்தரத்தில் இருக்கிறது. கியர் போட்டு 4எல்-லில் வைத்தாலும் டிஃபரன்ஷியல் ஒரு சக்கரத்தை இப்படியும் மறு சக்கரத்தை அப்படியும் உருளவிடும். தரையில் நிற்கும் இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடு. வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று இளக்கிக்கொள். அந்தரத்தில் தொங்கும் சக்கரத்தோடு போராடி வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிட்டவர்கள் உண்டு. கழற்றிய சக்கரத்தைச் சுவரில் சாய்த்து வைக்காதே, சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போடு. எல்லாம் கைவிட்டாலும் அந்த டயரின் கனம் ஒரு உயிரைக் காப்பாற்றும்.

தனியாகச் செய்யாதே. கூட ஒருத்தன் இருக்கட்டும், வண்டிச் சாவி அவன் பையில் இருக்கட்டும். பிள்ளைகளையும் நாயையும் உள்ளே கட்டிப் போட அம்மாவிடம் சொல்.

ஸ்பிரிங்

நம் ஊரில் ராக் பர்ஸ்ட் என்றால் விளக்க வேண்டியதில்லை. தங்கச் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில், மேலே இருக்கும் பூமியின் கனத்தை வாங்கிக்கொண்டு பாறை சும்மா நிற்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்துப் பாறையை வெட்டி எடுத்த பிறகு ஏதோ ஒரு ஷிஃப்டில் அது தன் அழுத்தத்தை ஒரு நொடியில் வெளியே தள்ளும். எத்தனை வீட்டில் அப்படி விளக்கு அணைந்தது என்று மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் பக்கத்து லைன் வீடுகளில் கேட்டால் சொல்வார்கள். அமுங்கிய ஸ்பிரிங்கும் அந்தப் பாறையின் ஜாதி. ஜிம்னியின் முன் ஸ்பிரிங் ஒவ்வொன்றும் இருநூறு கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டு அசையாமல் நிற்கிறது. அதனால் ஒவ்வொரு போல்ட்டிலும் ஸ்பேனரை மாட்டும் முன் உன்னை நீயே கேட்டுக்கொள்: இப்போது இந்த பாரம் எதில் நிற்கிறது, இந்த போல்ட்டை எடுத்தால் எதில் போய் நிற்கும்? பதில் தெரியாவிட்டால் ஸ்பேனரை இறக்கு.

ஜிம்னியில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஆகவே ஸ்பிரிங் அமுக்கும் கம்ப்ரஸர் தேவையே இல்லை, ஆக்ஸிலை மெதுவாகக் கீழே இறக்கினால் ஸ்பிரிங் தானாகத் தளரும். ஒன்று மட்டும் கவனம். சக்கரத்தைத் தொங்கவிட்டுவிட்டோம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று நினைத்துவிடாதே. தொங்கும் ஆக்ஸிலைக் கடைசியில் பிடித்து நிறுத்துவது ஷாக் அப்சார்பர். ஸ்பேசர் இருக்கிற வண்டியில் ஷாக் முழுக்க நீண்ட பிறகும் ஸ்பிரிங்கில் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கும். ஆக்ஸிலுக்கு அணை இல்லாமல் ஷாக்கின் கீழ் போல்ட்டைத் தட்டினால், போல்ட் வெளியே வந்த அந்த நொடி ஆக்ஸில் சட்டென்று இறங்கும். ஆக்ஸிலின் எடை, பிரேக் டிரம்மின் எடை, ஸ்பிரிங்கின் தள்ளல் மூன்றும் சேர்ந்து உன் கை மேல்.

பின்பக்கத்திலிருந்து தொடங்கு. அங்கே ஸ்டியரிங் இல்லை, வேலை சுலபம், கை பழகும். சேஸிஸ் ஸ்டாண்டில் நிற்க, ட்ராலி ஜாக்கியை ஆக்ஸிலின் டிஃபரன்ஷியலுக்குக் கீழே கொடுத்து, ஷாக் லேசாக அமுங்குகிற அளவுக்கு மட்டும் ஏற்று. சரியான உயரத்தில் போல்ட்டில் பாரம் இருக்காது, விரலால் சுற்ற வரும். சுத்தியால் அடித்து வெளியே தள்ள வேண்டியிருந்தால் உயரம் சரியில்லை என்று அர்த்தம். ஜாக்கியை அரை இஞ்ச் ஏற்றிப் பார், இறக்கிப் பார். இரண்டு பக்கமும் கீழ் போல்ட்டை எடுத்த பிறகு ஆக்ஸில் இறங்கத் தயார்.

இறக்கும் முன் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் போகிற எல்லாவற்றையும் விரலால் தொட்டுப் பார்: பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், ஹேண்ட்பிரேக் கேபிள், டிஃபரன்ஷியலுக்கு மூச்சு விடும் மெல்லிய ரப்பர் டியூப், ஹெட்லைட்டைத் தானாக ஏற்றி இறக்கும் சென்சார் இருந்தால் அதன் கம்பி. கிளிப்பைக் கழற்றித் தளர்த்திக்கொள். ஜாக்கி வால்வைக் கால் சுற்று திறந்து கொஞ்சம் இறக்கு, மூடு, ஹோஸைப் பார், மறுபடி இறக்கு. ஹோஸ் விறைத்தால் அங்கேயே நிறுத்து. இழுபட்ட பிரேக் ஹோஸ் வெளியே நன்றாகத்தான் தெரியும். உள்ளே கிழிந்திருக்கும், என்றைக்கோ இறக்கத்தில் காட்டும். ஆக்ஸில் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பயப்படாதே, லேட்டரல் ராடு இழுக்கிறது. ரொம்ப இழுத்தால் அதன் ஒரு முனையைக் கழற்றலாம்.

ஸ்பிரிங்கை விரலால் சுற்றிப் பார். சுற்றினால் அழுத்தம் போய்விட்டது. சுற்றவில்லை என்றால் இன்னும் இருக்கிறது, கையை எடு. கடப்பாரையால் நெம்பி ஸ்பிரிங்கைப் பிடுங்குகிற வித்தையை எந்தப் பட்டறையில் பார்த்தாலும் இங்கே கொண்டு வராதே. ஸ்பிரிங்கின் நடுச் சுற்றில் ஒரு சங்கிலியோ தடித்த கயிறோ நுழைத்து சேஸிஸில் கட்டி வைத்தால், நழுவினாலும் பறக்காது. ஸ்பிரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் விரல் வைக்காதே. ஸ்பேசர் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் தட்டு.

ஸ்பிரிங் வெளியே வந்ததும் இடம், வலம், மேல், கீழ் என்று பெயிண்ட்டால் எழுதிவிடு. இரண்டும் ஒன்று போலத் தெரியும். சில வண்டியில் டிரைவர் பக்கத்து எடைக்காக ஒரு ஸ்பிரிங் வேறாக இருக்கும். ஸ்பேசரின் மேலே இருந்த கம்பெனி ரப்பர் சீட்டைத் தூக்கிப் போடாதே. ஸ்பேசர் போடும்போது அதை எடுத்துவிட்டிருந்தால் புதிது வாங்கித்தான் மாட்ட வேண்டும், இல்லையென்றால் இரும்போடு இரும்பு மோதி நாள் முழுக்க டொக் டொக். ஸ்பேசருக்குக் கீழே ஸ்பிரிங்கில் துரு குழிந்து போயிருந்தால் அதைப் போடாதே, அந்தக் குழியில்தான் பிறகு உடையும்.

திருப்பி மாட்டும்போது ஸ்பிரிங்கின் நுனி, சீட்டில் இருக்கும் படியில் முட்டி உட்கார வேண்டும். ஒரு விரல் அளவு தள்ளி உட்கார்ந்தாலும் வண்டி சாய்ந்து நிற்கும். பிறகு ஜாக்கியால் ஆக்ஸிலை ஏற்று. ஏற்றும்போது உன் கண் ஜாக்கியில் இல்லை, ஸ்டாண்டின் தலையில் இருக்கட்டும். ஆசைப்பட்டு அதிகமாக ஏற்றினால் ஸ்பிரிங் அமுங்காமல் வண்டியே ஸ்டாண்டை விட்டு எழும்பும். சேஸிஸுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் நிறுத்து, உடனே இறக்கு.

முன்பக்கமும் இதே கதை, கூடுதலாக ஸ்டெபிலைசர் பாரின் லின்க். அதன் நட்டைச் சுற்றினால் உள்ளே இருக்கும் பந்தும் சேர்ந்து சுற்றும், நடுவில் ஆலன் கீ மாட்டிப் பிடித்துக்கொண்டு சுற்று. பிரேக் ஹோஸ் இங்கே ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி. முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் ஒரு கண் பார், தேவைக்கு மேல் ஆக்ஸிலை இறக்கினால் அதன் மூட்டு முட்டும். பின்னே கழற்றிவிட்டு நாளைக்கு முன்னே பார்க்கலாம் என்று மூக்கு தூக்கிய வண்டியை ரோட்டில் ஓட்டாதே.

பக்கத்து வீட்டுத் தார்

உன் ஜிம்னியைப் பார்த்துவிட்டு, 2020-க்குப் பிறகு வந்த தார் வைத்திருக்கும் பையனும் கழற்றக் கிளம்புவான். அவனை நிறுத்து. அந்த வண்டியின் முன்பக்கம் முழு ஆக்ஸில் கிடையாது, ஸ்பிரிங் ஷாக்கின் மேலேயே மாட்டி, எப்போதும் அமுங்கிய நிலையில் இருக்கும். அதன் உச்சியில் நடுவில் ஒரு நட். அந்த நட் ஒன்றுதான் மொத்த ஸ்பிரிங்கையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. கம்ப்ரஸர் இல்லாமல் அதை அவிழ்த்தால் மேல் தட்டு முகத்துக்கு வரும். ஸ்பேசர் அந்தத் தட்டுக்கு மேலே, சுற்றியிருக்கும் சின்ன போல்ட்களில் மாட்டியிருந்தால், ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் ஒட்டுமொத்தமாக வெளியே எடுத்து ஸ்பேசரை மட்டும் பிரித்துவிடலாம், நடு நட்டைத் தொடாமல். ஸ்பிரிங்குக்குள் இருந்தால், தரையில் போல்ட் அடித்து நிறுத்திய கம்ப்ரஸர் உள்ள பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல். வாடகைக்குக் கிடைக்கும் இரண்டு கொக்கி கம்ப்ரஸரை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. இரண்டு பக்கமும் சமமாக முறுக்காவிட்டால் ஸ்பிரிங் வளைந்து கொக்கியிலிருந்து நழுவும்.

தரையில் இறக்கிய பிறகு

ஷாக், ஆர்ம், லேட்டரல் ராடு எல்லாவற்றின் புஷ்ஷிலும் ரப்பர் இருக்கிறது. ஆக்ஸில் தொங்கும்போது அந்த போல்ட்களை இறுக்கினால், வண்டி தரையில் உட்கார்ந்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். சீக்கிரம் கிழியும், வண்டியும் முழுதாக இறங்காது. ஆகவே தூக்கியிருக்கும்போது கையால் முட்டும் வரை மட்டும் சுற்று. சக்கரம் மாட்டித் தரையில் இறக்கி, பாடியை நாலைந்து தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, அப்புறம் டார்க் ரெஞ்ச் எடுத்து மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கு. ஸ்பேசர் போட்டவர்கள் ஆர்ம் போல்ட்டை இளக்காமலே விட்டிருந்தால் அதையும் இப்போது ஒருமுறை இளக்கி இறுக்கு. நைலான் வளையம் உள்ள நட்டைக் கழற்றினால் புதிது போடு, விலை சொற்பம்.

ஸ்டியரிங் கோணலாக நிற்கும், அது உன் தப்பு இல்லை. வண்டி உயர்ந்தபோது லேட்டரல் ராடு ஆக்ஸிலை ஒரு பக்கம் இழுத்திருந்தது, இப்போது பழைய இடத்துக்கு வந்திருக்கிறது. ஸ்பேசர் போட்ட காலத்தில் டிராக் லின்க்கைச் சுற்றி ஸ்டியரிங்கை நேராக்கியிருப்பார்கள், அதைத் திருப்பிச் சுற்ற வேண்டும். சுற்றாமல் ஓட்டினால் நேர்ரோட்டில் போகும்போதே வண்டி வளைகிறது என்று இஎஸ்பி நினைத்துக்கொண்டு விளக்குப் போடும். அலைன்மெண்ட் கடையில் டோ பார்க்கச் சொல். முழு ஆக்ஸில் வண்டியில் கேம்பர் திருத்த ஏற்பாடு கிடையாது, அதைச் சரிசெய்தேன் என்று யாராவது பில் போட்டால் சிரித்துவிட்டு வந்துவிடு. ஹெட்லைட்டையும் சுவரில் அடித்து உயரம் திருத்து. தூக்கின வண்டிக்குக் கீழே இறக்கி வைத்த வெளிச்சம், இப்போது மூக்கடியில் விழும்.

முதலில் ஏரிக்கரைப் பக்கம் நாற்பதில் ஓட்டு. ஸ்டியரிங்கை இடமும் வலமும் முழுக்க ஒடித்து, டயர் எங்கேயும் உரசுகிறதா, ஹோஸைத் தொடுகிறதா என்று கூட வந்தவனை இறங்கிப் பார்க்கச் சொல். பிரேக்கை ஒருமுறை அழுத்தமாகப் பிடி. பிறகுதான் எக்ஸ்பிரஸ்வே. நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டிலிருந்து ஷாக் போல்ட் வரை எல்லாவற்றையும் மறுபடி டார்க் ரெஞ்ச்சால் தொட்டு, மட்கார்டில் ஒட்டிய அளவோடு உயரத்தை ஒப்பிட்டுப் பார். இடம் வலம் பத்து மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு ஸ்பிரிங் நுனி சீட்டில் உட்காரவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்காதே. ஒரு நட் மரை போனாலும் ராபர்ட்சன்பேட்டைக்குத்தான் ஓட வேண்டும், அன்றைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை பாதி மூடியிருக்கும். ஸ்டாண்டும் ட்ராலி ஜாக்கியும் என்னிடம் இருக்கிறது, முதல் நாள் சாயங்காலம் வந்து எடுத்துப் போ.